உண்ணாவிரதத்தில் ரவை உப்புமா

கொடைக்கானல் மலையில் பள்ளங்கி கிராமத்துக்கு மேலே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலை ஆறரை பஸ் ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டிரைவர் இல்லை, வண்டி ரிப்பேர் என்று வாரத்துக்கு ஒரு காரணம் மட்டும் தவறாமல் வந்தது. என் மனைவிக்குக் கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை. பூண்டு விவசாயம் எங்களைக் கைவிட்ட வருஷங்களில் வீட்டைத் தூக்கி நிறுத்திய வேலை அது. இனியும் தாமதமாக வந்தால் வேறு ஆள் வைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் கொஞ்சம் புத்தகம் படித்தவன். அதைவிட அதிகமாகக் கோபப்படுகிறவன். பஸ் அதிகாரியின் மேஜையைக் குத்தி உடைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி ஊருக்குள் நான் அடித்த லெக்சர்கள் குறுக்கே நின்றன. வேறு வழியில்லாமல் கூட்டம் போட்டு, சத்தியாக்கிரகம் என்றால் என்னவென்று ஒரு மணி நேரம் விளக்கினேன். எதிராளியை வெறுக்கக் கூடாது, துன்பத்தை நம் உடம்பில் ஏற்றுக்கொண்டு அவர் மனசாட்சியைத் தொட வேண்டும், எதையும் ஒளிக்கக் கூடாது என்றேன். அதிகாரிக்கு முன்கூட்டியே கடிதமும் அனுப்பினேன், அதுதானே முறை. தட்டியில் நானே பெரிதாக ‘உண்ணாவிரதம்’ என்று எழுதிக் கட்டினேன். வினை அந்த வார்த்தையில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் விரதம் என்றால் முருகனுக்கு இருப்பது. அரிசிச் சோறு ஆகாது. பால், பழம், பலகாரம் ஆகும். அதுவும் கந்த சஷ்டி வாரம். பஸ் ஸ்டாப்பில் தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில் நான் வெறும் வயிற்றோடு விறைத்துக்கொண்டிருந்தபோது கடுகு தாளிக்கும் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால் கரண்டியும் கையுமாக என் மனைவியே நிற்கிறாள்.

“உண்ணாவிரதம்னா ஒண்ணுமே சாப்பிடக் கூடாது” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“சோறா திங்கிறோம்? ரவைதானே” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. “வெங்காயம்கூடப் போடலய்யா.”

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் பஸ் அதிகாரி. தட்டியைப் படித்தார், சட்டியைப் பார்த்தார், மறுபடியும் தட்டியைப் படித்தார். எனக்கு அப்படியே பள்ளத்தில் குதித்துவிடலாம் போலிருந்தது.

“எதையும் ஒளிக்கக் கூடாதுன்னு இவருதான் சொன்னாருங்க. அதான் ரோட்டு மேலேயே கிண்டுறோம்” என்ற பெரியம்மா, ஒரு இலையில் உப்புமாவை வைத்து அவரிடம் நீட்டினார். “சாப்பிடுங்க சார். விரதத்துக்கு ஆகுறதுதான்.”

“நானும் சஷ்டி விரதந்தாங்க. காலைல பால் குடிச்சதோட சரி” என்று அவர் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பிடுகிறவரிடம் என் மனைவி சொன்னாள்: “வெள்ளனே எந்திரிச்சு இருட்டுலயே நடந்து போறேங்க. அப்பவும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியல. வேலை போகப்போகுது.” அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அவர் மெல்லுவதை நிறுத்திக் கேட்டார். கை கழுவியதும் போனை எடுத்து, திங்கட்கிழமையிலிருந்து ஆறரை வண்டியை விடச் சொன்னார்.

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. அந்தப் பந்தலில் உண்மையிலேயே பட்டினி கிடந்தவன் நான் ஒருவன்தான். அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? “எழுத்துல குடுத்தாத்தான் எந்திரிப்பேன்” என்றேன். அதிகாரியின் முகம் சுருங்கியது.

மனைவி என் பக்கத்தில் குனிந்தாள். “இது பஸ்ஸுக்கா, உங்க வீம்புக்கா? வேலை போனா எனக்குத்தானே போகும்?”

எதிராளியை வெறுக்கக் கூடாது என்று ஊருக்கே பாடம் நடத்தியவன் நான். அங்கே அவரை வெறுத்துக்கொண்டிருந்தவனும் நான் மட்டும்தான். வெட்கமாக இருந்தது. பெரியம்மாவிடம் ஒரு இலை உப்புமா வாங்கிக்கொண்டு அதிகாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பஸ் வந்தது. முதல் ஆளாக என் மனைவிதான் ஏறினாள். வேலையும் நிலைத்தது. அந்த வண்டிக்கு இன்றைக்கும் ஊரில் பெயர் உப்புமா பஸ். என் பட்டினிக்கு அதில் ஏதோ பங்கு உண்டென்று இதுவரை யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டுக்கொள்வதில்லை.