டீச்சர் அளந்த தரை

கட்டுரையின் பாதிவரியில் தட்டச்சை நிறுத்திவிட்டு, இடுப்பை இருபுறமும் அசைத்துப் பார்க்கிறார் லிஷா. ஸ்டூல் கிறீச்சிடுகிறது.

"இது ஆள இருக்க விடாதாக்கும். யாரு செய்தது?"

திரையிலிருந்து கண் எடுக்காமல்தான் கேட்கிறார். பட்டறையின் மறுகோடியில் ஒரு கை தயங்கி உயர்கிறது.

நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வடிவமைப்புத் துறையில் அவர் உதவிப் பேராசிரியர். அறையில் மெத்தை நாற்காலி உண்டு. அதில் கோப்புகள் அமர்ந்திருக்கும். ஆராய்ச்சி எழுதுவதெல்லாம் பட்டறையில், மாணவர்கள் புதிதாகச் செய்த ஸ்டூலின் மேல்தான். முதுகு வலித்தால் மதிப்பெண் குறையும். மடிக்கணினியின் விசைகளுக்கிடையே மரத்தூள். பசை ஒட்டிய ஒரு விசையை நகத்தால் குத்தித்தான் அழுத்துவார். இரண்டு தோணியில் கால் வைக்கிறார் என்று சக ஆசிரியர்கள் கேலி பேசுவதுண்டு. "ரெண்டும் ஒரே வேலதான், கேட்டியளா. ஒண்ண விட்டா மத்தது பொய்யாயிப் போவும்" என்பார்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, பாறசாலை எல்லையில் லாட்டரி விற்பவர்களின் இருக்கையைப் பற்றியது. தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது. ஆகவே எல்லைக்கு இப்பால், கேரளத்தில், சாலையோரம் முழுக்க விற்பனைதான். காலை முதல் அந்தி வரை உட்கார்ந்தே இருப்பவர்கள். அவர்களை ஆட்டோவில் கல்லூரிக்கு அழைத்து, சாயாவும் பழம்பொரியும் கொடுத்து, முட்டுயரமும் இடுப்பகலமும் அளந்தார் லிஷா. அந்த அளவில் மாணவர்கள், அவர்களில் ஒருவரான புஷ்பபாய்க்கு ஒரு ஸ்டூல் செய்தார்கள்.

அதைக் கொண்டுபோய் வைத்த நாளும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கடைசி நாளும் ஒன்றாக அமைந்தன. தவணை ஏற்கெனவே ஒருமுறை நீட்டப்பட்டிருந்தது; தவறினால் இவ்வாண்டுப் பதவி உயர்வு போயிற்று. அட்டை கட்டி முடிந்த பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவரை, மாணவன் அனூஜ் தொலைபேசியில் பாறசாலைக்கு வரச் சொன்னான்.

ஸ்டூல் பின்பக்கம் சாய்ந்து நின்றது. புஷ்பபாய் அருகிலிருந்த மரத்தை ஒரு கையால் பிடித்தபடி அதில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல ஸ்டூலு டீச்சரே. ஒரு கை லாட்டரிக்கு, ஒரு கை மரத்துக்கு. பைசா வாங்க இன்னொரு கை வேணும்."

சாலையோர மண், பின்னால் இருந்த ஓடையை நோக்கிச் சரிந்திருந்தது. லிஷா அளந்ததோ கல்லூரியின் சமமான சிமெண்டுத் தரையில்.

"அளவு சரியாக்கும் டீச்சர். ரோடுதான் சரியில்ல" என்றான் அனூஜ். யாரும் சிரிக்கவில்லை. அந்த அளவுதான் ஆய்வேட்டின் முடிவுரை.

லிஷா தம் நெறியாளர் ஸ்ரீகுமாரியை அழைத்தார். முதலில் சமர்ப்பி, திருத்தம் பிறகு பார்க்கலாம், தேர்வாளர் யாரும் பாறசாலையில் வந்து உட்காரப் போவதில்லை என்றார் அவர்.

"இருக்கப்போறது புஷ்பபாய் அக்காவாக்கும் மேடம். திருத்திட்டு வாறேன்."

கைப்பேசியை அணைத்தார். பின்பு பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்தார். கறுப்பு அட்டை, பொன்னெழுத்தில் அவர் பெயர். புஷ்பபாயை எழச் சொல்லிவிட்டு, அதை ஓடைப் பக்கத்து மண்ணில் கிடத்தி, ஸ்டூலின் பின்கால்களைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"இப்ப இருங்க அக்கா."

புஷ்பபாய் பொன்னெழுத்தைப் பார்த்துத் தயங்கினார், உட்கார்ந்தார், மரத்தை விட்டார். லிஷா மண்ணில் முட்டுக்குத்தி, அந்தப் புத்தகத்தின் தடிமனை முன்காலில் அளந்து பென்சிலால் கோடு கீறிவிட்டு, ரம்பத்துக்காக அனூஜிடம் கையை நீட்டினார்.