முள்ளக்காவின் பிள்ளைகள்

கடலாராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவளை முள்ளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே வருவதற்கு முன்பு அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். குளத்தை மூடிவிட்டார்கள். நிலையத்துக்கு முங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, ஈரத் தலையோடு போய் நின்றாள். அன்றே வேலை கிடைத்தது.

கடல் முள்ளெலி வளர்க்கும் வேலை. கறுப்பு உருண்டை, உடம்பெல்லாம் ஊசி, அடியில் ஐந்து பல் வைத்த வாய். துறைமுகத்துக்கு வெளியே இருந்த பாறையில் ஏதோ நோய் வந்து இவை கூண்டோடு செத்துப்போயிருந்தன. மேய ஆளில்லாமல் பாசி மண்டிப் பாறையை மூடிவிட்டது. பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள விரல்கடை இடம்கூட இல்லை. அதனால்தான் தொட்டியில் வளர்த்துப் பாறையில் விடும் ஏற்பாடு.

“சண்டை போடாம தின்னுங்கடா” என்று தினமும் தொட்டி தொட்டியாகப் பாசி போடுவாள். கையில் ஏறிய முள்ளை மாலையில் கணவர் இடுக்கியால் எடுப்பார். அவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார்.

“இதுங்களுக்கு என்னதான் வேலை?”

“பாசியை மேயறதுதாங்க.”

“அட, நம்ம தொழில்! நான் தலைக்கு, இதுங்க பாறைக்கு.”

“ரொம்ப விட்டா மொட்டையே அடிச்சிடும். அளவாத்தான் விடணும்.”

வளர்ந்தவற்றைக் கூடையில் கொண்டுபோய், ஒவ்வொன்றாகக் கையால் பாறையில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒன்றையும் காணோம். வைத்த பக்கத்துப் பொந்துகளையெல்லாம் நிலையத் தலைவியும் அவளும் துழாவிவிட்டார்கள்.

“மீன் தின்னிருக்கும். மனசு விட்றாதீங்க, இன்னும் பெருசா வளர்த்து விடுவோம்” என்றார் தலைவி.

அன்றிரவு வீட்டில் கணவரிடம் புலம்பினாள்.

“ஒண்ணுகூட இல்லைங்க. ஒரு ஓடுகூடக் கிடக்கல...” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மீன் தின்றிருந்தால் உடைந்த ஓடாவது கிடக்க வேண்டுமே!

மறுநாள் பாறையின் அந்தப் பக்கம், அலை அடிக்கும் பக்கம் இறங்கினாள். முள்ளெலியைத் தேடாமல் பாசியையே பார்த்துக்கொண்டு போனாள். ஓர் இடுக்கைச் சுற்றித் தட்டு அகலத்துக்குப் பாறை வெள்ளையாக, பளிச்சென்று இருந்தது. அடுத்த இடுக்கிலும் அப்படியே. குப்புறப் படுத்து உள்ளே டார்ச் அடித்தாள். கறுப்பு ஊசிகள் ஆடின. பகலெல்லாம் பதுங்கல், இருட்டினால் மேய்ச்சல். இடம் மட்டும் மாற்றிக்கொண்டிருந்தன.

சிரித்த சிரிப்பில் முங்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இருமிக்கொண்டே மேலே வந்தவளைப் பார்த்துப் படகிலிருந்த தலைவி பதறிப்போனார்.

“என்னாச்சு?”

“இருக்குதுங்க மேடம்! எல்லாம் வீடு மாத்திக்கிட்டு உள்ள தூங்குதுங்க!”

தலைவி உடுத்திய துணியோடு தண்ணீரில் குதித்தார்.

சில மாதம் கழித்து, ஒரு வெள்ளைத் திட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பவளக் குஞ்சு ஒட்டியிருந்தது. அதைக் காட்ட, முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்த்திராத கணவரைப் படகில் ஏற்றினாள். ஆழமில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினார்கள். அவர் விளிம்பை இறுகப் பிடித்து, கண்ணாடி மாட்டிய முகத்தை மட்டும் தண்ணீரில் அமுக்கினார். உடனே நிமிர்ந்தார்.

“ஏய், பொந்து வாசல்ல ஒண்ணு என்னைப் பார்த்து முள்ளை ஆட்டுது!”

“உங்க நிழல் விழுந்திருக்கும்ங்க. அதான்.”

“பவளம் எங்க?”

“அதுக்குப் பக்கத்துலதான். நீங்க எங்க நிதானமா பார்த்தீங்க?”

“சரி, சட்டையைப் பிடிச்சுக்கோ. விட்றாத” என்று மறுபடி குனிந்தார். இந்த முறை மூச்சு முட்டும்வரை நிமிரவே இல்லை.