டி.வி.யில் ஓடிய சமையலறை

1. இரண்டு மாஸ்டர்கள்

புரோட்டா மாஸ்டர் கணேசன் கல்லாவை ஒட்டி என் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டி.வி.யில் அதே கணேசன் மாவு வீசிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்த ஒருவர் டி.வி.யைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, இவரு ரெட்டைப் பிறவியா?"

மாஸ்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டி.வி.க்கு மேலே "எங்கள் சமையலறை இப்போது உங்கள் கண் முன்னே" என்று ஒட்டியிருந்தது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

கேட்டரிங் படித்துவிட்டு, காரைக்குடி சுற்றுவட்டாரத்து ஓட்டல்களில் பல ஆண்டுகள் கிச்சன் சூப்பர்வைசராக இருந்தவள் நான். செக்காலைப் பக்கம் இருந்த அந்த ஓட்டலில்தான் கடைசியாக வேலை பார்த்தேன். பெரிய முதலாளிக்கு உடம்பு முடியாமல் போனதும் மகன் பொறுப்புக்கு வந்தார். எல்லோரும் அவரைச் சின்னவர் என்போம். படித்த பிள்ளை, வெளியூர்களில் நல்ல நல்ல ஓட்டல்களைப் பார்த்தவர். வந்த புதிதில் அவர் செய்ததையெல்லாம் நான் மனதாரப் பாராட்டினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கையை நீட்டினால் தண்ணீர் கொட்டும் சென்சார் குழாய் வைத்தார். ஃப்ரீசரில் குளிர் குறைந்தால் அவர் செல்போனிலும் என் செல்போனிலும் மெசேஜ் வரும்படி செய்தார். கறி வெந்ததா என்று குத்திப் பார்க்க டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கித் தந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, சமையலறையில் கேமராக்களை மாட்டி, அதில் தெரிவதைச் சாப்பிடும் ஹாலில் டி.வி.யில் ஓடவிட்டார்.

ஆண்டுக்கணக்காக நான் தொண்டை கிழியக் கத்தியும் தலையில் ஏறாத தொப்பி, டி.வி. வந்த வாரமே எல்லோர் தலையிலும் ஏறிவிட்டது. கறி வெட்டின பலகையில் தக்காளி நறுக்குவது நின்றது. மாஸ்டர் மூக்கைச் சொறிந்தால் அவரே போய்க் கை கழுவிவிட்டு வருவார். சுற்றுலா வந்தவர்கள் டி.வி.யைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. பாத்திரம் கழுவும் இடத்துக்கும் ஒரு கேமரா வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் நான்காவதாக ஒன்றை அங்கே மாட்டினார்கள். ஆனால் அதை டி.வி.யில் காட்டவில்லை. எச்சில் தட்டைச் சாப்பிடுகிறவர்களுக்குக் காட்டுவானேன் என்றார் சின்னவர். அப்போது அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

2. சீசன்

பாத்திரம் கழுவுகிற இடத்தில் எண்ணெய்க் கழிவு தங்குவதற்கு ஒரு தொட்டி இருக்கும். கிரீஸ் டிராப் என்போம். அங்கிருந்து வெளியே போகும் குழாயைச் சரிவு இல்லாமல் பதித்துவிட்டார்கள். கூட்டம் குறைவாக இருந்தவரை சமாளித்தோம். விடுமுறைக் கூட்டம் வந்ததும் தொட்டி எதுக்களிக்க ஆரம்பித்தது. எண்ணெய் மிதக்கும் கறுப்புத் தண்ணீர் தரையில் நிற்கும்.

பிளம்பரைக் கூட்டிவந்து காட்டினேன். தரையை உடைத்துத்தான் சரிசெய்ய முடியும், நாலைந்து நாள் கடையை மூட வேண்டும் என்றார். சின்னவர் கேட்டுக்கொண்டார். ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் சமையலறை வரை பரவி டி.வி.யிலும் தெரிய ஆரம்பித்தபோதுதான் அவருக்கு யோசனை வந்தது. அந்த யோசனையைத்தான் ரெட்டைப் பிறவி என்று கேட்டவர் தெரியாமலே கண்டுபிடித்துச் சொன்னார். ஆயுத பூசைக்காகக் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்த நாளின் பதிவை எடுத்துத் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நேராக ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கேட்டேன். அவர் மறைக்கக்கூட இல்லை.

"இதைப் போயி ஏன் மேடம் பெருசா பேசுறீக. சீசன் முடியட்டும். சாப்புட வர்றவுக டி.வி. ஓடுதான்னு பாக்குறாக, அம்புட்டுத்தான்."

"அப்ப அந்த எழுத்தையாச்சும் கிழிச்சுப் போடுங்க தம்பி" என்றேன். எழுத்து இருந்தால்தானே மதிப்பு என்றார்.

சாக்கடை அடைப்பது எந்த ஓட்டலிலும் நடப்பதுதான். அது குற்றமில்லை. அடைப்பை எடுக்க ஆள் தேடாமல், அதை மறைக்க ஆள் தேடியதுதான் குற்றம். பிளம்பருக்கு இல்லாத நேரம், கேமரா மாட்டின பையனைக் கூப்பிட்டுப் பதிவை மாற்றச் சொல்ல மட்டும் இருந்தது.

பொய் அந்த டி.வி.யோடு நிற்கவும் இல்லை. பதிவுதான் ஓடுகிறது என்று சமையலறைக்குத் தெரிந்த மறுநாளே தொப்பிகள் ஆணியில் தொங்கின. கணேசனைக் கண்டித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பொட்டியில நான் தொப்பியோடதானக்கா இருக்கேன். இங்க எதுக்கு?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முதலாளிக்கு ஒரு சட்டம், மாஸ்டருக்கு ஒரு சட்டமா? ஃப்ரீசர் மெசேஜ் வந்திருக்கிறது, பாருங்கள் என்று நான் சொன்னாலும் யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை என்கிற நிலைமை வந்துவிட்டது.

பாத்திரம் கழுவும் பாண்டியம்மா ஒருநாள் சேலையைத் தூக்கிப் பாதத்தைக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. "டி.வி.யில எல்லாரையும் காட்டுறாக. நான் நிக்கிற எடத்த ஒருநாளும் காட்டலையேக்கா" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. ஊர் நடப்பைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

3. நான்காவது கேமரா

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வேலைக்கு வந்தேன். மதியம் ஹால் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தொட்டி மொத்தமாகப் பொங்கிவிட்டது. கழுவி அடுக்கிய தட்டுகளுக்கு அடியிலும், தரையில் வைத்திருந்த நறுக்கிய வெங்காய அண்டாவைச் சுற்றியும் கறுப்புத் தண்ணீர். பரிமாறுகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டே ஹாலுக்குப் போய் வந்தார்கள். அண்டாவுக்குள்ளும் தெறித்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பரிமாறுவதை நிறுத்தச் சொன்னேன். சின்னவர் வந்து எட்டிப் பார்த்தார். பலகை போட்டு நடங்கள், வெங்காயத்தைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். ஹாலில் கைக்குழந்தைக்கு ஒரு தாய் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேர் மேலே டி.வி.யில் ஆயுத பூசைச் சமையலறை மின்னிக்கொண்டிருந்தது.

நான் ஆபீஸ் ரூமுக்குள் போனேன். கேமராப் பெட்டியை இயக்க எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பதிவை நிறுத்தினேன். நான்காவது கேமராவைத் தேர்ந்தெடுத்து டி.வி. முழுக்க விரித்துவிட்டேன்.

ஹாலில் பேச்சு ஒவ்வொரு மேசையாக அடங்கியது. திரையில் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் நின்று பாண்டியம்மா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தத் தாய் குழந்தையின் வாயில் விரலை விட்டுச் சோற்றை வெளியே எடுத்தாள். பிறகுதான் சத்தம் கிளம்பியது.

சின்னவர் ஓடிவந்தார். "சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீகளே மேடம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மண்ணை நான் போடல தம்பி. சோத்துல சாக்கடைத் தண்ணி விழுந்துச்சு. அதைத்தான் காட்டுனேன்."

அன்றோடு என் வேலை போயிற்று. சாப்பிட வந்தவர்களில் யாரோ புகார் கொடுக்க, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து, சரிசெய்யும்வரை திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கணேசன் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. அடுப்பு எரியாவிட்டால் அவர் வீட்டிலும் எரியாது. சாக்கடையை அவர் கட்டவில்லை, பொய்ப் படத்தையும் அவர் ஓட்டவில்லை. ஆனாலும் தண்டனை அவர் தலையிலும் விழுந்தது. இதுவும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சீசன் முடியும்வரை உடைக்க முடியாது என்ற தரையை அடுத்த வாரமே உடைத்தார்கள். நல்ல சரிவோடு புதுக் குழாய் போட்டார்கள். கடை திறந்தபின் பாண்டியம்மா வீடு தேடி வந்தாள். தரை காய்ந்து கிடக்கிறது, கால் ஆறிவிட்டது என்றாள். டி.வி. என்ன ஆயிற்று என்று கேட்டேன். கிரிக்கெட் ஓடுகிறதாம்.

பொறாமையில் கடையைக் கெடுத்தவள் என்று ஊரில் என்னைப் பற்றிச் சொன்னார்கள். பல மாதம் எந்த ஓட்டலும் என்னைச் சேர்க்கவில்லை. இப்போது ஒரு கல்லூரி விடுதியின் மெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கேயும் சென்சார் குழாய், கேமரா எல்லாம் உண்டு. நானே கேட்டு வாங்கியவை. கருவிகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஃப்ரீசர் மெசேஜ் அனுப்பினால் எழுந்து போய்க் கதவைச் சாத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலைக்குச் சேரும் முன் முதலாளி டி.வி.யைக் காட்டுவார், மெஷினைக் காட்டுவார், சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டுவார். எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய், அங்கே வேலை செய்கிறவரின் பாதத்தைப் பாருங்கள். அதைப் பார்க்க விடாத இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள்.