ஒரு லட்சத்துக்கு சைன்

பள்ளியில் சைன் அட்டவணையை ஒரே மூச்சில் ஒப்பிப்பவன் நான். பூஜ்யம், முப்பது, நாற்பத்தைந்து, அறுபது, தொண்ணூறு. அந்தத் திமிர்தான் ஒத்தக்கடை ஆபீஸில் என் மூக்கை உடைத்தது.

கிராபிக்ஸ் கார்டில் கணக்குப் போடுகிறவர்களுக்கு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு, எழுதுவது எங்கள் வேலை. கார்டோடு வரும் சைன் வேகமானது, ஆனால் உத்தேசமாகத்தான் சொல்லும். துல்லியமான ஒன்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. முழுக்க என் கையால் எழுதிய முதல் ஃபங்ஷன், எண்ணைக் கொடுத்தால் விடை தரும் நிரல். இரண்டு வாரம் வேறு நினைப்பே இல்லை. முடித்ததும் அந்த ஐந்து கோணங்களைக் கொடுத்துப் பார்த்தேன். ஐந்தும் சரி. முடிந்தது என்று டீமுக்கே மெசேஜ் போட்டுவிட்டேன்.

டெஸ்ட் செய்கிறவன் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற என் வயசுக்காரன்.

"என்ன மாப்ள, இம்புட்டுதான் டெஸ்டா? பத்தாங்கிளாஸ் பரீட்சையா எழுதுற?" என்றபடி ஒரு லட்சம் ரேடியனைக் கோணமாகக் கொடுத்தான். விடை மூன்றாவது தசமத்திலேயே உதைத்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம். "ஒரு லட்சத்துக்கு எவன்டா சைன் கேப்பான்?"

"அலையைக் கணக்குப் போடுறவன் கேப்பான். நேரம் ஓட ஓட கோணம் ஏறத்தான செய்யும்?"

டீமை நடத்தும் லீட் அக்கா ஒரே வரியில் முடித்தார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா உன்னோடதை எடுத்துருவோம், கார்டோட சைனே போகட்டும்."

பெரிய கோணத்திலிருந்து முழுச் சுற்றுகளைக் கழித்துச் சிறிதாக்கும் இடத்தில்தான் பிழை. பை (π) மதிப்பின் பின்பகுதி இலக்கங்கள் கார்டின் எண்ணில் அடங்காமல் உதிர்ந்துவிடும். சுற்று கூடக் கூட அந்தச் சின்னப் பிழையும் பெருகும். பையை மூன்று துண்டாக வெட்டி, பெரிய துண்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தேன். லட்சம் சரியானது. அதற்கும் மேலே, ராட்சச எண்களுக்குத் தனி வழி எழுதுவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

"எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்துருவோம்" என்றான் அவன். கார்டு கையாளும் 32 பிட் எண்கள் மொத்தமே நானூறு கோடிச் சொச்சம்தான். மதியம் ஓட விட்டான். என்னால் உட்கார முடியவில்லை, நாலு டீ குடித்தேன். சாயங்காலம் திரையைப் பார்த்தவன் முகத்தில் லேசான ஏமாற்றம்.

"ஒரு தப்புகூடச் சிக்கலை மாப்ள."

எனக்குச் சந்தோஷத்தை மறைக்க வரவில்லை. அவனைக் கட்டிப்பிடித்தேன். அவனோ, "விடுறா, பஸ்ஸு போயிரும்" என்று கையை உதறிவிட்டு, நின்றபடியே என் ஃபங்ஷனுக்கு ஒப்புதல் பட்டனைத் தட்டினான்.