பவானி ஆற்றின் நடுப்பாறையில் எங்கள் ஞாயிறு ஆராதனை

தண்ணீர் என் மனைவியின் முழங்காலைத் தொட்டபோது எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை. சபையில் எத்தனையோ ஆண்டுகளாக முன்னால் நின்று ஜெபித்தவன் நான். அன்று ஒரே ஒரு வரிக்குமேல் வரவில்லை.

சென்ற ஆண்டு ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. நாளையும் இடத்தையும் குறித்துவைப்பது என் பழக்கம் என்பதால் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன். நான் கோவையில் ஒரு பஞ்சாலையின் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மலையேற்றமும் காட்டு நடையும் எங்களுக்கு உயிர். என் மனைவி எஸ்தரும் நானும் ஆனைமலையில் நடந்திருக்கிறோம், நீலகிரியின் பின்பக்கச் சரிவுகளில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறோம். எஸ்தருக்கு எந்த மலையிலும் பயமில்லை. நீச்சல் மட்டும் தெரியாது.

அன்று எங்களோடு வந்தவர் தங்கராஜ். பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்பவர், எங்கள் சபைக்காரர், வாய் ஓயாதவர். மூவரும் மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே பவானிக் கரையோரமாக நடந்தோம். ஆற்றில் தண்ணீர் குறைவு. பாறை பாறையாகத் தாண்டி ஆற்றின் நடுவில் இருந்த ஒரு பெரிய பாறையில் ஏறினோம். சபைக்குப் போகாத ஞாயிறு என்பதால் ஆராதனையை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

ஆற்றில் இறங்கும்போது நாங்கள் ஒன்று செய்வோம். தண்ணீரின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைப்போம். ஒருவர் கண் அதன்மேலேயே இருக்கவேண்டும். கல் நனைந்தால் யாரும் யாரையும் கேட்காமல் கரையேறிவிடவேண்டும். மேலே உள்ள அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீரைத் திறந்தால், வானத்தில் ஒரு மேகமும் இல்லாமல் ஆறு ஏறிவிடும். இது எங்கள் மூவருக்கும் தெரியும். அன்றும் கல்லை வைத்தோம்.

பாட்டுப் பாடினோம். பிறகு கண்களை மூடினோம். மூவருமே மூடிவிட்டோம். ஜெபத்தில் ஒருவர் கண்ணைத் திறந்து வைத்திருப்பது மரியாதையில்லை என்று சிறுவயது முதல் பழகியவர்கள் நாங்கள். என் ஜெபம் எப்போதுமே நீளம். நோயாளிகள், விதவைகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று பெயர் பெயராகச் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தபோது கல்லைக் காணவில்லை. நாங்கள் தாண்டி வந்த பாறைகளையும் காணவில்லை. கரைக்கும் எங்களுக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது.

"ஏனுங்ணா, நீங்க ஆமென் சொல்றதுக்குள்ள ஆறே வந்துபோச்சுங்களே" என்றார் தங்கராஜ். சிரிப்பதற்காகச் சொன்னார். சிரிப்பு வரவில்லை, அவருக்கும்தான்.

செல்போனில் சிக்னல் இல்லை. கத்திப் பார்த்தோம். இரண்டு கரையிலும் வாழையும் பாக்கும்தான். ஞாயிறு என்பதால் தோட்டத்தில் ஆள் இல்லை. தண்ணீர் பாறையின்மேல் ஏறியது. முதலில் செருப்பு நனைந்தது. பிறகு கணுக்கால். மலையேறிகள் எழுதிய நாட்குறிப்புகளை நிறையப் படித்தவன் நான். ஆபத்தில் என்ன செய்யவேண்டும் என்று நடைக் குழுவில் வகுப்பே எடுத்திருக்கிறேன். அதில் ஒன்றும் அங்கே உதவவில்லை. செய்வதற்கு எதுவுமே இல்லை. நிற்பதுதான்.

"நீங்க ரெண்டு பேரும் நீந்திப் போயிருங்க" என்றாள் எஸ்தர்.

"பேசாம நில்லு கண்ணு."

"எனக்காக நின்னு மூணு பேரும் போறதுக்கு, நா ஒருத்தி போனாப் போவுதுங்க."

தங்கராஜ் குறுக்கிட்டார். "அக்கா, நமக்கு ஞானஸ்நானம் ஒருக்கா ஆகிப்போச்சுங்க. ரெண்டாந்தடவ வேண்டாம்னு ஆண்டவர்கிட்டச் சொல்லுங்க." சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. மூவரும் தோளோடு தோள் கோத்து நின்றோம்.

அப்போதுதான் தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது. நான் ஜெபிக்க வாயைத் திறந்தேன். "ஆண்டவரே, எங்களால முடியலீங்க." அவ்வளவுதான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்ணை மூடவும் பயமாக இருந்தது.

வலது கரையில் வாழை இலைகள் அசைந்தன. ஒரு எருமைக் கன்று வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு அம்மா, கையில் அறுந்த கயிற்றோடு.

"ஏனுங்க! அங்க என்ன பண்றீங்க? தண்ணி உட்டுட்டாங்கல்ல!"

நாங்கள் கத்தியது அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. "அசையாதீங்க! ஆளக் கூட்டியாரேன்!" என்று கன்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

அதன்பின் இருந்த நேரம்தான் மிகக் கொடுமை. ஆள் கிடைத்ததா, வருகிறார்களா, ஒன்றும் தெரியாது. கன்று நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் எஸ்தரின் தொடைக்கு ஏறியது. எங்களால முடியலீங்க. எங்களால முடியலீங்க.

வந்தார்கள். வாழைத்தார் ஏற்றும் லாரிக்காரர்கள் நாலைந்து பேர். லாரிச் சக்கரத்தின் பெரிய டியூப், பாரம் கட்டும் வடக்கயிறு. டியூபைக் கயிற்றில் கட்டி, எங்களுக்கு மேலே வெகுதூரம் போய் ஆற்றில் விட்டார்கள். அது எங்களைத் தொடாமல் விலகிப் போனது. இழுத்து மறுபடி விட்டார்கள். மறுபடியும் விலகியது. எஸ்தர் அழத் தொடங்கினாள். அடுத்த முறை தண்ணீரே அதைக் கொண்டுவந்து தங்கராஜின் மார்பில் மோதியது.

"அம்மணிய மொதல்ல அனுப்புங்க!" என்று கரையிலிருந்து சத்தம். எஸ்தர் டியூபுக்குள் அமர்ந்து போனாள். நடுவில் ஒருமுறை தண்ணீருக்குள் மறைந்து எழுந்தாள். பிறகு தங்கராஜ். கடைசியில் நான்.

கரையில் அந்த அம்மா எஸ்தரைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டிக்கொண்டிருந்தார். "கன்னு கயித்த அத்துட்டு ஓடுலீன்னா நா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டனுங்க. அம்மன வேண்டிக்கிட்டேதான் ஓடுனேன்" என்றார். இதைச் சபையில் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் எனக்குத் தெரியும். என் ஆண்டவர் அவரை அனுப்பினார் என்று நம்புகிறேன். அந்த அம்மாவுக்குக் கைகூப்பி நன்றி சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

நாங்கள் நடப்பதை நிறுத்தவில்லை. ஏப்ரலில், கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு உறவினர் தோட்டத்துக் கிணற்றில் எஸ்தர் நீச்சல் பழகினாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "அடுத்த ஆத்துக்குத்தானுங்க" என்றாள். என் ஜெபம் சுருங்கிவிட்டது. முன்பு ஆண்டவருக்குத் தகவல் சொல்வதுபோல் ஜெபித்தேன். இப்போது கேட்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது இன்று அப்படி நடுவில் நின்றுகொண்டிருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவாக இருக்கலாம், பேச்சு நின்றுபோன வீடாக இருக்கலாம். நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கரையைப் பாருங்கள். வருகிறவர் நீங்கள் நினைத்த ஆளாக இருக்கமாட்டார். யாராயிருந்தாலும் கையை நீட்டுங்கள்.