தறியடித் தேங்காய்

கோள் சொல்வதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. அப்போது எனக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று. அவன் மண்ணில் உட்கார்ந்தாலும் ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அந்த வயதில் நான் செய்த ஒரே நல்ல காரியமும் அந்தக் கெட்ட புத்தியால்தான் நடந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா பட்டுத்தறிக்குக் கற்பூரம் காட்டி, தறியடியில் தேங்காய்ச் சில்லுகள் வைப்பார். கற்பூரம் அணைந்ததும் முந்துகிறவருக்குப் பெரிய சில்லு. தம்பிக்கு அதைப் பழக்கியதே நான்தான். ஒரு வாரம், தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த, கஞ்சி போட்ட பாவு நூலை எலி கடித்து எல்லாம் நாசம். அப்பாவுக்கு வந்ததே கோபம்! எலி மருந்துப் பசையை ஒரு சில்லில் தடவி, அதே தறியடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். எலிக்குத் தேங்காய் பிடிக்கும் என்று யோசித்தவர் எங்களை மறந்துவிட்டார்.

"யம்மா, இவன் மட்டும் தறிக்கு வெச்ச தேங்காய துன்னுட்டான். எனக்குக் குடுக்கவே இல்ல!"

நான் கத்தியதைக் கேட்டு வந்த அம்மா, தம்பியின் வாயில் விரலை விட்டுத் துழாவினார். விரலில் பசை ஒட்டியிருந்தது. அம்மா அலறிய அலறலில் அப்பா ஈரத் தலையோடு ஓடி வந்தார். மருந்து டியூபையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். எனக்கும் ஒரு சில்லு வேண்டும் என்று வழியெல்லாம் நச்சரித்து, முதுகில் ஒன்று வாங்கினேன்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். சாயங்காலமே தம்பி கட்டில்மேல் குதிக்க ஆரம்பித்துவிட்டான். டியூபைப் பார்த்த டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இப்ப நல்லாத்தான் இருப்பான். இந்த மருந்து மூணு நாள் கழிச்சுத்தான் ஈரலைப் புடிக்கும். கண்ணு மஞ்சளாகுதான்னு பாத்துக்கினே இருங்க."

அம்மாவுக்கு அதன்பிறகு இருப்புக் கொள்ளவில்லை. நொடிக்கொரு தரம் தம்பியை ஜன்னலோரம் இழுத்துப்போய் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். என் கண்ணை யாராவது பார்த்தார்களா? நானே என் இமையை இழுத்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றேன். அதற்கும் முதுகில்தான் விழுந்தது.

பக்கத்துக் கட்டிலில் என் வயதுச் சிறுமி. வடையில் தடவிய அதே பசையைத் தின்றவள். கட்டில்களுக்கு அடியில் இருவரும் ஓடிப் பிடித்து விளையாடினோம். மறுநாள் அவளுடைய அப்பா, டாக்டரம்மா எவ்வளவு சொல்லியும் கேளாமல், தன் பொறுப்பில் கூட்டிப்போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"புள்ள துள்ளிக்கினு திரியுதும்மா. வீட்ல மாடு கட்டினது கட்டினபடி கீது."

அவள் எனக்குப் பழிப்புக் காட்டிவிட்டுப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் அப்பாவும் மெதுவாக ஆரம்பித்தார்.

"நாமளும் போலாமா? பாவு பாதியில நிக்குது."

"தறியாம் தறி! நீங்க வேணா போங்க. எம்புள்ளைய இட்டுக்கினு நான் வர மாட்டேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தச் சிறுமியை அவளுடைய அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். நான் கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. அவளை வேறு அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த நாள் காலையில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, தம்பிக்கு இனி பயமில்லை, இன்னும் இரண்டு நாள் மட்டும் இருங்கள் என்றார். இன்னும் இரண்டு நாளா! நான் அம்மாவிடம் அந்தப் பெண் எங்கே என்று கேட்டேன்.

"வீட்டுக்குத் தூக்கிக்கினு போயிட்டாங்க."

எனக்கு வந்ததே ஆத்திரம். தரையில் உட்கார்ந்து காலை உதைத்து அழுதேன்.

"அவள மட்டும் ரெண்டு வாட்டி வுட்டாங்க! நம்மள ஒரு வாட்டிகூட வுடல!"

முதுகில் விழப்போகும் அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. என்னை வாரி எடுத்து, மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு, என்னைவிடச் சத்தமாக அழுதார். அம்மாவுக்கும் அவள்மேல் பொறாமைதான் என்று நினைத்துக்கொண்டேன்.