ஆஃப்ரீன் அணைக்காத விளக்கு

என் மருமகள் ஆஃப்ரீனுக்குப் பேய் பயம் கிடையாது. பயமெல்லாம் அவள் புருஷன், என் இளைய மகன் அப்ராருக்குத்தான். கத்தாரில் வேலை பார்த்த அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்ஆ தொழுதுவிட்டு அறைக்கு வந்ததும் போனில் வீடியோ கால் போடுவான். இவள் கீரனூர் வீட்டில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்காருவாள். இரண்டு பேருமாக ஒரு பேய் விளையாட்டு. ஆடுவது இவள், பார்த்து அலறுவது அவன்.

நானும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆளில்லாத பெரிய பங்களா. நாமே உள்ளே நடப்பது மாதிரி இருக்கும். நம் கை மட்டும் தெரியும், அந்தக் கையில் ஒரு அரிக்கேன் விளக்கு. உடைந்த கடிகாரம், சுவரில் கிறுக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் விடை கண்டால்தான் அடுத்த கதவு திறக்கும். முகமில்லாத ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு பின்னாலேயே வரும்.

“ஏய், வெளக்க மட்டும் அணைச்சிராத!” என்று அங்கிருந்து கத்துவான்.

“நீங்க கத்தார்ல இருக்கீங்க. பேயிக்கி விசா கெடைக்காது” என்பாள் இவள்.

கடைசிக் கதவு நிலவறையில் இருந்தது. என்ன செய்தும் அது திறக்கவில்லை. ஒரு புதன்கிழமை வழக்கமில்லாமல் கூப்பிட்டான். “கண்டுபிடிச்சிட்டேன். வெள்ளிக்கிழமை சொல்றேன். ஆனா திட்டக் கூடாது.”

மறுநாள் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். முகத்தைப் போனில்தான் பார்த்தோம்.

ஆஃப்ரீன் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்க வேண்டும். அழுது ஓய்ந்த ஒரு நாளில் லேப்டாப்பைத் திறந்தாள். அந்த விடை அவளுக்கு வேண்டும்.

“வீடியோல பாத்தா தெரிஞ்சிரும் சாச்சி” என்றாள் என் மூத்த மகன் வழிப் பேத்தி சுமையா.

“அவர் சொல்ல இருந்தத வேற ஆளுகிட்ட கேக்க மாட்டேன்.”

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு நூர்நிஷாவுக்குப் பொறுக்கவில்லை. “பேயானாலும் இத்தாவுல ஆம்பள மொகத்தப் பாக்கலாமா அக்கா?”

“அதுக்கு மொகமே இல்லடி. நீ டீயக் குடி” என்றேன்.

இத்தா முடியப் போகிற சமயம். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தால், இவள் அதே கதவு முன்னால் நிற்கிறாள். எனக்கே அலுத்துவிட்டது.

“திட்டுற மாதிரி அதுல என்னதான்டி இருக்கு?” என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. திரையில் இருந்த விளக்கையே பார்த்தாள். “மாமி, அவரு பேச்சக் கேட்டு இத்தன நாள்ல நாங்க இத ஒரு தடவகூட அணைச்சதில்ல.”

அணைத்தாள். திரை கறுத்தது. மூச்சுச் சத்தம் காதுக்குள் வந்துவிட்டது. பிறகு அந்த இருட்டில் கீற்றாக வெளிச்சம் விழுந்தது. கதவு தானாகத் திறந்தது. அவள் வெளியே நடந்தாள். யார் யார் பெயரோ திரையில் ஓடியது.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு மாமி.”

முகத்தில் சிரிப்பில்லை. பொழுது சாய்ந்திருந்தது. எழுந்து போய் லைட்டைப் போட்டேன்.

“அணைங்க மாமி” என்றாள். “அவருக்கு இருட்டுன்னா பயம். அங்கிட்டு மண்ணுக்குள்ள தனியாக் கெடக்காரு. கொஞ்ச நேரம் நானும் இருட்டுல இருக்கேன்.”

மாட்டேன் என்றுதான் வாயில் வந்தது. அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.